வால் பெட்டிக்குள் ஒரு தாலிக் குண்டு

போன வாரம் அன்புச்செல்வனைப் புத்தூர் ஆஸ்பத்திரியிலிருந்து ஆட்டோவில் ஏற்றி, ஸ்ரீரங்கம் மேலூர் ரோட்டு வீட்டில் கட்டிலில் சாய்த்துவிட்டு வந்தோம். குடல்வால் வெடித்து, இரண்டு நாள் எல்லாரையும் கதிகலங்க வைத்துவிட்டு, இப்போது வயிற்றில் ஒரு வரிசைத் தையலோடு படுத்திருக்கிறான். பாலக்கரையில் பைக் உதிரிபாகக் கடை வைத்திருப்பவன் வேறு எப்படிப் பேசுவான்? "ஒரு பார்ட்டைக் கழட்டிட்டாங்க, வண்டி ஓடுது பாத்தீங்களா" என்று பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவான். தானே சிரிப்பான். சிரித்ததும் தையல் இழுக்கும். "ஐயோ அம்மா" என்று முடிப்பான்.

கூப்பிட்டதும் அம்மா வந்து நிற்பார். விஜயராணி. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் ரகசியம் சொன்னால் எதிர்வீட்டு நாய் தலையைத் தூக்கும்.

இந்த வாரம் நாம் இவர்கள் இருவரையும் கொஞ்சம் ஓரமாக உட்கார வைத்துவிட்டு, அன்புவின் மனைவி யமுனாவின் பின்னால் போக வேண்டியிருக்கிறது. அவளோ நின்ற இடத்தில் நிற்காதவள். மூச்சு வாங்கினால் என்னைக் குறை சொல்லக் கூடாது.

அன்று ஆடிப்பெருக்கு.

விடியும்போதே அம்மா மண்டபத்தில் படிக்கட்டு தெரியாத கூட்டம். காவிரி மேல்படி வரை ஏறி வந்திருந்தது. தேங்காய் மூடி, வாழை இலை, ஊதுபத்தி, யாரோ விட்ட ஒற்றைச் செருப்பு எல்லாம் மிதந்து போய்க்கொண்டிருந்தன. விஜயராணி இரண்டு குடும்பங்களைப் பேச்சிலேயே நகர்த்தி இடம் பிடித்தார். காப்பரிசி, காதோலை, கருகமணி வைத்துக் கும்பிட்டார். பிறகு மருமகளின் பழைய தாலிக் கயிற்றை எடுத்துவிட்டு, புது மஞ்சள் கயிற்றில் தாலியையும் அதன் இரண்டு பக்கத்துத் தங்கக் குண்டுகளையும் தன் கையாலேயே கோத்து, ஈரக் கையோடு முடிச்சுப் போட்டார்.

"இன்னிக்கு விளக்கு வைக்கிற வரைக்கும் இது உன் கழுத்தை விட்டு இறங்கக் கூடாது, யமுனா. அவன் பொழைச்சு வந்திருக்கான். நான் வேண்டிக்கிட்டு கட்டியிருக்கேன்."

"சரி அத்தை."

சொல்வதற்கு மூன்று எழுத்துக்கூடச் செலவில்லாத பதில். கல்யாணமாகி வந்ததிலிருந்து எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாள். அன்றுதான் அதைச் சொல்லச் சற்றுத் தயங்கினாள்.

ஏன் என்று சொல்ல வேண்டுமானால், கம்பெனியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

கம்பெனிக்கு வெளிநாட்டுப் பெயர் ஒன்று உண்டு. அதைச் சரியாக உச்சரிக்கிறவர்கள் உள்ளே வேலை பார்க்கிறவர்களிலேயே குறைவு. ஊரில் அதற்குப் பிளேன் கம்பெனி என்று பெயர். ஸ்ரீரங்கத்துக்கு மேலே எது பறந்தாலும் விஜயராணி "எங்க மருமக பண்ணுனது" என்பார். ஒரு முறை ஹெலிகாப்டரையும் விட்டுவைக்கவில்லை. உண்மையில் அந்தக் கம்பெனி செய்வது விமானத்தின் வால் மட்டும். பின்னால் இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்குமே, சின்ன இறக்கை, அது. "ஊருல அவனவன் றெக்கை பண்றான், என் பொண்டாட்டி வாலு பண்றா" என்று அன்பு கேலி செய்வான். ஆனால் மூக்கைத் தூக்குவதும் இறக்குவதும் அந்த வால்தான். அது மக்கர் செய்தால் மற்றதெல்லாம் இருந்தும் பயனில்லை.

வால் என்பது உள்ளே வெற்றுப் பெட்டி. மூடுவதற்கு முன் அதற்குள் கையை, தலையை விட்டு, டார்ச் அடித்துப் பார்த்து, 'உள்ளே ஒன்றும் இல்லை' என்று முத்திரை குத்துகிறவள் யமுனா. அந்த முத்திரையில் இருப்பது அவளுடைய எண். அந்த விமானம் பழைய இரும்புக்குப் போகிற வரைக்கும் அந்த எண்ணும் கூடவே பறக்கும்.

அங்கே எல்லோரும் பயப்படுகிற ஒரே வார்த்தை 'ஃபாட்'. இருக்கக் கூடாத இடத்தில் இருக்கிற எதுவும் ஃபாட். உடைந்த துளைக்கம்பியின் நுனி ஃபாட். பேனா மூடி ஃபாட். தலைமுடி ஊசி, ஒட்டுப் பொட்டு, மல்லிகைப் பூ எல்லாமே ஃபாட். ஒவ்வொரு ஸ்பேனருக்கும் அதன் உருவத்திலேயே வெட்டிய பள்ளம் தட்டில் உண்டு. ஷிப்ட் முடியும்போது ஒரு பள்ளம் காலியாக இருந்தால் ஒருவரும் வீட்டுக்குப் போக முடியாது. அந்தப் பழக்கம் யமுனாவோடு வீட்டுக்கும் வந்துவிட்டது. பாத்திரம் கழுவியதும் கரண்டிகளை எண்ணுவாள். இட்லித் தட்டில் ஒரு குழி காலியாக இருந்தால் அந்த இட்லி எங்கே என்று தெரிகிற வரை சாப்பிட உட்காரமாட்டாள். அதை அன்பு வாயில் போட்டிருப்பான்.

கல்யாணமான புதிதில் மாமியார் வீட்டில் அவளும் கொஞ்ச நாள் ஃபாடாகத்தான் இருந்தாள். அது பழைய கதை.

இப்போது விஷயத்துக்கு வந்துவிட்டேன். மோதிரம், வளையல், மெட்டி, தாலி எதுவும் உள்ளே போகக் கூடாது. பெண்கள் உடை மாற்றும் அறையில் பூட்டு வைத்த அலமாரிகள் வரிசையாக இருக்கும். காலையில் கல்யாணமான பெண்கள் எல்லாரும் கழற்றி உள்ளே மாட்டிவிட்டு, மாலையில் எடுத்துப் போட்டுக்கொண்டு பஸ் ஏறுவார்கள். கணவன்மார்களில் சிலருக்கு இது தெரியும். மாமியார்களில் ஒருவருக்கும் தெரியாது. கம்பெனி ரகசியம் என்று நிஜமாகவே காப்பாற்றப்பட்டது அது ஒன்றுதான்.

அன்று கம்பெனி பஸ் காவிரிப் பாலத்துக் கூட்டத்தில் ஊர்ந்து, ஒருவழியாகப் போய்ச் சேர்ந்தபோது எல்லாருக்கும் அவசரம். யமுனா அலமாரியைத் திறந்தாள். கை கழுத்துக்குப் போனது. ஸ்ட்ரெச்சரில் அன்புவை உள்ளே தள்ளிக்கொண்டு போனபோது, "கடைச் சாவி ஆணியில இருக்கு" என்று அவன் சொன்னது ஞாபகம் வந்தது. உயிர் பிழைப்போமா என்று தெரியாதவன் சாவியைப் பற்றிச் சொன்னான்.

கை இறங்கிவிட்டது.

சாமி நம்பிக்கை அவளுக்கு அவ்வளவாகக் கிடையாது. ஆனால் நம்பிக்கை இல்லாதவர்களுக்கும் பயம் உண்டே.

உள்ளே போவதற்கு முன் ஜோடி பார்ப்பது என்று ஒரு முறை. இரண்டு பேர் எதிரெதிரே நின்று, ஒருவரை ஒருவர் கேட்க வேண்டும். யமுனாவின் ஜோடி பொன்னுத்தாய். திருவானைக்கோவில் பெண். வைகாசியில் கல்யாணமானவள். யமுனாவிடம்தான் வேலை பழகினாள்.

"காது?"

"இல்ல."

"கழுத்து?"

யமுனா காலரை இழுத்துவிட்டாள். காலருக்கு மேலே மஞ்சள் எட்டிப் பார்த்தது.

"அக்கா... கழட்டலையா?"

"இன்னிக்கு ஒரு நாள்தான். ஜிப்பைக் கழுத்து வரைக்கும் ஏத்திக்கிறேன்."

அடுத்து யமுனா கேட்க வேண்டிய முறை. காது என்றாள். கை என்றாள். நடுவில் இருந்த கழுத்தைத் தாண்டிப் போய்விட்டாள். எந்த வாயால் கேட்பது?

காலை டீக்கு வெளியே வந்தபோது ஜிப்பை இறக்கித் தொட்டுப் பார்த்தாள். தாலி, இந்தப் பக்கம் ஒரு குண்டு, அந்தப் பக்கம் ஒரு குண்டு. எல்லாம் பத்திரம். போகும்போது ஜிப்பை ஏற்றினாளா என்பது அவளுக்கே நிச்சயமில்லை.

சாப்பாட்டு வேளை வரைக்கும் வால் பெட்டியின் ஓட்டைக்குள் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தாள். பொன்னுத்தாயும் அவளோடு மாறி மாறி உள்ளே தலையை விட்டாள். ஒல்லியாக இருப்பவர்களுக்கு அந்தக் கம்பெனியில் தனி மரியாதை. அன்று மாலை கன்டெய்னரில் ஏற வேண்டிய பெட்டி அது. கப்பல் யாருக்காகவும் காத்திருக்காது என்று காலையிலிருந்து மைக்கில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள்.

கைகழுவப் போனவள் கண்ணாடியைப் பார்த்துக் கழுத்தைத் தொட்டாள்.

முடிச்சு தளர்ந்து தொங்கியது. தாலி கயிற்றின் சுருக்கில் சிக்கிக்கொண்டு நின்றது. இடது பக்கத்துக் குண்டு இருந்தது. வலது பக்கம் வெறும் மஞ்சள் நூல்.

ஈரத்தில் போட்ட முடிச்சு, காய்ந்ததும் நெகிழ்ந்துவிட்டது.

அவள் சட்டையை உதறினாள். ஷூவைக் கழற்றினாள். சாக்ஸைத் திருப்பினாள். வாஷ்பேசின் குழாய்க்குக் கீழே மண்டியிட்டுப் பார்த்தாள். அப்போது உள்ளே வந்தவர் ரஷீதா. தளத்துப் பொறுப்பாளர். யமுனாவுக்கு அக்கா மாதிரி. ஆஸ்பத்திரிக்கு இரண்டு முறை பிரியாணி கொண்டுவந்தவர். அதையும் அன்புவுக்குக் கொடுக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னதால் விஜயராணிதான் சாப்பிட்டார்.

"என்ன தேடுற?"

யமுனா கழுத்தைக் காட்டினாள். ரஷீதா கதவைச் சாத்தினார்.

"உள்ள போட்டுட்டுப் போனியா? நீயா?"

"ஆமாக்கா."

"எப்ப விழுந்துச்சு?"

"டீ டைம்ல இருந்துச்சு."

"நல்லா யோசி. டீக்கு வெளிய நின்னோம். அங்க புல்லு. அங்க விழுந்திருக்கலாம். பாத்ரூம்ல விழுந்திருக்கலாம்."

"பெட்டிக்குள்ள விழுந்திருந்தா?"

ரஷீதா குரலைத் தாழ்த்திக்கொண்டார். "தொலைச்சதுக்கு இங்க யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. அது உனக்கே தெரியும். சொன்னவங்களைத் திட்டக் கூடாதுன்னு செவுத்துலயே எழுதி வெச்சிருக்கு. ஆனா போட்டுட்டுப் போனதுக்கு முத்திரையைப் பிடுங்கிடுவாங்க. பத்து நிமிஷம் இரு. நான் வெளிய புல்லுல பாத்துட்டு வரேன். அப்புறம் முடிவு பண்ணலாம்."

நல்ல மனசோடு சொன்னதுதான். யமுனாவும் அந்தப் பத்து நிமிஷத்துக்கு ஆசைப்பட்டாள். முத்திரை போனால் அவள் மறுபடி பேக்கிங்கில் அட்டைப் பெட்டி ஒட்ட வேண்டும். அங்கிருந்துதான் தொடங்கினாள். அந்த ஓட்டைக்குள் தலையை விடுகிற வேலைக்கு வருவதற்கு எத்தனை பரீட்சை, எத்தனை இரவு ஷிப்ட். வீட்டில் மாவு ஆட்டிக்கொண்டே பாடம் படித்த கதையெல்லாம் நீங்கள் முன்பே படித்ததுதான்.

ஆனால் ஒரு மிளகளவு தங்கம், வாலை அசைக்கிற கீலுக்குள் உருண்டு போய் உட்கார்ந்தால்? எங்கேயோ வானத்தில் யாரோ ஒருவர் மூக்கைத் தூக்கப் பார்க்கிறார். தூக்கவில்லை. அந்த நேரத்தில் ஸ்ரீரங்கத்தில் இவள் கரண்டி எண்ணிக்கொண்டிருப்பாள்.

"வேணாம்க்கா" என்றாள்.

தளத்துக்குள் போய், தூணில் தொங்கிய சிவப்புக் கயிற்றைப் பிடித்து இழுத்தாள்.

விளக்கு சிவப்பானது. அத்தனை பேரும் கையில் இருந்ததை வைத்துவிட்டு ஒரு அடி பின்னால் போனார்கள். அதுதான் முறை. தரப் பிரிவின் தலைவர் பீமராவ் வந்தார். அவர் சத்தம் போட்டு யாரும் கேட்டதில்லை. போட்டால் தேவலை என்று நினைக்கிற மாதிரி மெதுவாகப் பேசுவார்.

யமுனா எல்லார் முன்னாலும் சொன்னாள்.

"சொன்னதுக்கு நன்றிம்மா" என்றார் பீமராவ். பிறகு சுற்றி நின்றவர்களைப் பார்த்தார். "வேற யாராவது இன்னிக்கு எதையாவது போட்டுக்கிட்டு உள்ள வந்திருக்கீங்களா? இப்ப சொல்லிட்டா நல்லது."

ஏசி சத்தம் மட்டும் கேட்டது.

"சரி." கையை நீட்டினார். "முத்திரையைக் கொடுங்க. விசாரணை முடியற வரைக்கும் வீட்டுல இருங்க."

பாக்கெட்டிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். கட்டைவிரல் நீளம்கூட இல்லாத சாமான். கொடுத்த பிறகு பாக்கெட் கனத்தது.

பண்டிகை நாள். சாயங்காலம் முக்கொம்புக்கும் அம்மா மண்டபத்துக்கும் பிள்ளைகளைக் கூட்டிப் போக வேண்டியவர்கள் எல்லாம் டார்ச்சும் கையுமாகத் தரையில் தவழத் தொடங்கினார்கள். யாரும் அவளைத் திட்டவில்லை. ஒருத்தி மட்டும் முனகினாள். "மத்தவங்களுக்கு கிளாஸ் எடுக்கிறது இவங்கதான்." யமுனா டவுன் பஸ் பிடிக்க வெளியே வந்தபோது, தலைக்கு மேலே ஒரு விமானம் சக்கரத்தை இறக்கிக்கொண்டு விமான நிலையம் நோக்கித் தாழ்ந்தது. அண்ணாந்து அதன் வாலையே பார்த்துக்கொண்டிருந்ததில் முதல் பஸ்ஸை விட்டுவிட்டாள்.

வீட்டில் புளியோதரை, தேங்காய் சாதம், எலுமிச்சை சாதம், தயிர் சாதம் என்று அடுப்படி நிறைந்திருந்தது. அன்புவுக்குத் தயிர் சாதம் மட்டும். அவன் மற்ற மூன்றையும் கண்ணாலேயே சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"என்ன சீக்கிரம்? பண்டிகைன்னு லீவு விட்டுட்டானா வெள்ளைக்காரன்?" என்று கேட்டபடி வந்த விஜயராணி நின்றார். கண் நேராகக் கழுத்துக்குப் போனது.

"ஒரு குண்டு எங்கடி?"

யமுனா சொல்லிவிட்டாள். பாதி சொல்லித் தப்பிக்கலாம் என்று பஸ்ஸில் வரும்போது ஒத்திகை பார்த்திருந்தாள். வாயைத் திறந்ததும் முழுவதும் வந்துவிட்டது. அலமாரி, பூட்டு, தினமும் கழற்றியது எல்லாமும்.

"தினமுமா?"

"ஆமா அத்தை."

"இத்தனை வருஷமா? நான் வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை மஞ்சள் பூசி விடுறேன், நீ அதைக் கொண்டுபோய் இரும்புப் பெட்டியில தொங்க விட்டுட்டு இருந்தியா?"

"அம்மா, அது ரூலும்மா" என்றான் அன்பு கட்டிலிலிருந்து.

"உனக்குத் தெரியுமா?"

அன்பு தயிர் சாதத்தைக் கவனமாகப் பார்த்தான்.

"அவனுக்குத் தெரியும். அந்தக் கம்பெனில இருக்கிற அத்தனை பேருக்கும் தெரியும். எனக்கு மட்டும்தான் தெரியாது. நான் தெருவெல்லாம் எங்க மருமக, எங்க மருமகன்னு பேசிக்கிட்டுத் திரியறேன்." விஜயராணியின் குரல் இப்போது தாழ்ந்துவிட்டது. அதுதான் ஆபத்து. "என் புள்ளை ஏன் படுத்தான்னு இப்பத்தான் புரியுது."

யமுனா காலையிலிருந்து எதற்கும் அழவில்லை. முத்திரையைக் கொடுத்தபோதுகூட. இப்போது முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"அம்மா!" அன்பு எழுந்து உட்கார முயன்று, தையல் இழுத்து, பல்லைக் கடித்தான். "நான் படுத்தது நடுராத்திரி பரோட்டா தின்னதால. டாக்டர் அது இல்லன்னாரு. இருந்தாலும் அதுதான். அவ மேல போடாத. தினம் கழட்டி வெச்சா, ஒண்ணும் ஆகல. உனக்காக ஒரு நாள் போட்டுட்டுப் போனா, வேலை போச்சு. யாரு யாரைக் கோவிச்சுக்கணும்?"

விஜயராணி அடுப்படிக்குப் போய்விட்டார். பாத்திரங்கள் பேசின.

அன்பு மனைவியின் கையைப் பிடித்தான். "எங்க கடை மெக்கானிக் ஒரு இன்ஜினைப் பிரிச்சு மாட்டினா ரெண்டு நட்டு மிச்சமாகும். 'போனஸ்'னு சொல்லி டப்பாவுல போட்டுப்பான். நீ என்னடான்னா உள்ள எக்ஸ்ட்ரா போட்டுட்டு வந்திருக்கே. ஊரு பூரா தேடுது, பிளேன்ல குண்டு வெச்சவ யாருன்னு."

"போன்ல இந்த ஜோக்கைச் சொல்லிடாதீங்க. போலீஸ் வந்துரும்" என்றாள் யமுனா மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

"சிரிக்க வைக்காதடி. தையல்."

"நீங்கதான் சொன்னீங்க."

விளக்கு வைக்கிற நேரம். விஜயராணி வந்து சாமி மாடத்தில் திரியைத் தூண்டினார். அப்போது யமுனாவின் போன் அடித்தது. ரஷீதா.

"யமுனா, கிடைச்சிருச்சு."

"அல்லாவே" என்றாள் யமுனா. ரஷீதா பக்கத்தில் இத்தனை வருஷம் நின்ற வேகத்தில் அதுதான் வந்தது. விஜயராணி திரும்பிப் பார்த்தார்.

"எங்கக்கா?"

"பண்டிகைன்னு எல்லாரையும் பஸ்ல அனுப்பிட்டு, நாங்க நாலு பேர் குழாய் கேமராவை உள்ள விட்டுப் பாத்தோம். நீ வேலை பார்த்த பெட்டிதான். அடிச் சட்டத்து இடுக்குல." ரஷீதாவின் குரலில் சந்தோஷம் பாதிதான் இருந்தது. "யமுனா, கழுத்துல இப்ப எத்தனை இருக்கு?"

"ஒண்ணு."

"ரெண்டு கிடைச்சிருக்கு."

யமுனாவுக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. உட்கார்ந்தாள்.

"பீமராவ் சார் போன்ல இருக்காரு. அவருக்கு இன்னும் சொல்லல. ரெண்டும் உன்னோடதுன்னு நீ சொன்னா, கதை இதோட முடிஞ்சுது. பெட்டியை மூடிடலாம். கன்டெய்னர் இன்னும் கேட்டுலதான் நிக்குது. எப்படியும் உன் முத்திரை போனது போனதுதான். ஒண்ணுக்குப் போனா என்ன, ரெண்டுக்குப் போனா என்ன? இன்னொருத்தியாவது பிழைச்சுக்குவா. அவரு கேட்டப்ப வாயைத் திறக்காம நின்னவ இல்லியா, அவளை உள்ளயே விட மாட்டாங்க."

விஜயராணி பக்கத்தில் வந்து நின்றிருந்தார். அடுத்தவர்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டு லைனில் நிற்பதுதானே அவர் வாழ்நாள் முழுக்கப் பார்த்த வேலை.

"சொல்லிடு" என்றார் மெதுவாக. நிஜமாகவே மெதுவாக. "ரெண்டும் என்னோடதுன்னு சொல்லிடு யமுனா. எவளோ பாவம். அவ மாமியாரும் என்னை மாதிரி ஒருத்தியாத்தான் இருப்பா. கழுத்துல இருக்கிற ஒண்ணையும் நான் கழட்டி எடுத்து வெச்சிடறேன். யாரு வந்து பாக்கப் போறா?"

யமுனா நிமிர்ந்து மாமியாரைப் பார்த்தாள். அரை மணி நேரத்துக்கு முன்னால் இதே வாய் என்ன சொன்னது.

ஆமாம் என்று சொல்லிவிட அவளுக்கு எவ்வளவோ ஆசை. அந்த இன்னொருத்தி யார் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. தான் கேட்காமல் விட்ட ஒரு கேள்வி, காலையிலிருந்து சட்டைக்குள் முள்ளாக உறுத்திக்கொண்டே இருந்தது.

"அக்கா, என்னோடது ஒண்ணுதான்."

"யமுனா..."

"அவ எத்தனை தொலைச்சான்னு நமக்குத் தெரியாதுக்கா. ஒண்ணா, ரெண்டா, தாலியேவா? நான் ரெண்டும் என்னோடதுன்னு சொன்னா நீங்க தேடறதை நிறுத்திடுவீங்க. இன்னும் ஒண்ணு உள்ள இருந்தா?"

ரஷீதா பெருமூச்சு விட்டது ஸ்ரீரங்கத்துக்குக் கேட்டது. "அப்ப கன்டெய்னரைத் திருப்பி அனுப்பறேன். நாளைக்கு எல்லாரையும் நிக்க வெச்சுக் கேப்பாங்க."

"வேணாம். ராத்திரிக்குள்ள நான் அவகிட்டப் பேசுறேன். அவளே வந்து சொல்லட்டும். தானா வந்து சொன்னா பீமராவ் சார் கொஞ்சமாவது பாப்பாரு."

"யாருன்னு தெரியுமா உனக்கு?"

யமுனா போனை வைத்துவிட்டாள்.

விஜயராணி கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "ஒரு பொய். ஒரே ஒரு பொய் சொல்ல வரல உனக்கு. என்கிட்ட மட்டும் இத்தனை வருஷம் எப்படிச் சொன்னே?"

"உங்ககிட்டப் பொய் சொன்னா யாரும் சாக மாட்டாங்க அத்தை."

கட்டிலில் அன்பு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். முதுகு குலுங்கியது. விஜயராணியின் உதடுகூட ஒரு ஓரத்தில் அசைந்தது. சிரிக்கவில்லை. சிரிக்காமல் இருக்க வேலை செய்தது.

யமுனா பொன்னுத்தாயின் எண்ணைத் தேடி எடுத்தாள். அழுத்துவதற்கு முன்பே போன் மறுபடி அடித்தது. தெரியாத எண்.

"யமுனாங்களா? நான் திருவானைக்கோவில்ல இருந்து பேசுறேன். பொன்னுத்தாயோட மாமியார்."

"சொல்லுங்கம்மா."

"உங்க கம்பெனி பஸ்ஸு வந்துட்டுப் போயிருச்சு. என் பையன் ஸ்டாப்புலயே நின்னு பாத்தான். எங்க புள்ள இறங்கலைங்க. டிரைவரைக் கேட்டா, பாலத்துக்கு இந்தப் பக்கமே கூட்டத்துல இறங்கிக்கிச்சுன்னு சொல்றாரு. போன் அடிக்குது, எடுக்க மாட்டேங்குது. காலையில சந்தோஷமா தாலி பெருக்கிக் கட்டிக்கிட்டுப் போன புள்ளைங்க. ஆத்துல தண்ணி வேற இப்படிப் போகுது..."

அதற்கு மேல் அந்தக் குரலால் முடியவில்லை.

யமுனா எழுந்துவிட்டாள். எங்கே போவது என்று தெரியாமல் வாசலுக்கும் கூடத்துக்குமாக ஒரு நடை நடந்தாள். அன்பு கட்டிலிலிருந்து காலைக் கீழே வைத்தான்.

"படுடா" என்று விஜயராணி ஒரு அதட்டு அதட்டினார். எதிர்வீட்டு நாய் குரைத்தது. சாமி மாடத்து விளக்கைக் காற்றுக்கு மறைவாக நகர்த்தி வைத்துவிட்டு, ஸ்கூட்டர் சாவியை எடுத்து மருமகள் கையில் திணித்தார். தானும் செருப்பை மாட்டிக்கொண்டார்.

"நான் பின்னாடி உக்காந்து போன் போட்டுக்கிட்டே வரேன். நீ ஓட்டு. பாலத்துப் பக்கமே போ."

"அவ எடுத்தா என்ன அத்தை சொல்றது?"

விஜயராணி பின்சீட்டில் ஏறி, புடவையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, எண்ணை அழுத்தினார். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

"குண்டைப் பத்திப் பேசவே கூடாது. சாப்பிட்டியாடின்னு கேப்போம்."